அழிச்சும் இடம் வரல, அழிக்காததும் காணோம்: ரீசைக்கிள் பின் லிமிட் தொல்லைங்க

பழைய வண்ணாரப்பேட்டைல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கூடவே கொஞ்சம் டிடிபி வேலை, அவ்ளோதான். ஆனா கடை போர்டுல கம்ப்யூட்டர் படம் போட்ட பாவத்துக்கு சுத்துப்பட்டுல யார் வூட்டு சிஸ்டம் மக்கர் பண்ணாலும் சிபியுவ தூக்கிகினு நம்மகிட்டதான் வராங்க. "அண்ணாத்த, டிஸ்க் ஃபுல்லுன்னு செவப்பா காட்டிகினே கீது, எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இன்னும் அப்டியேதான் கீது"ன்னு ஒருத்தர் வந்தா, அடுத்தவர் "நான் எதையுமே அழிக்கல, ஆனா ஃபைல காணோம்"னு வருவாரு. பாதிக்கு மேல கடைசில ரீசைக்கிள் பின் (டெஸ்க்டாப்ல இருக்கிற குப்பைத் தொட்டி, இனிமே தொட்டின்னே சொல்றேன்) விஷயமாதான் முடியும். ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய் வலிக்க சொல்றதுக்கு பதிலா ஒருவாட்டி எழுதிட்டா போதும்னுதான் இது. உங்களுக்கு எந்த தொல்லையோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி கீழ இருக்கிற மொதல் பகுதிய மட்டும் படிச்சிடுங்க, இல்லன்னா மத்தது பாதி புரியாது. எல்லாம் விண்டோஸ் 10, 11 கணக்குலதான் சொல்றேன்.

மொதல்ல இத்த தெரிஞ்சிக்கோங்க

ஒரு ஃபைல செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சா அது எங்கயும் போறதில்ல. அதே டிரைவ்ல (டிஸ்க பிரிச்சு சி, டின்னு பேர் வெச்ச பாகம்) ஒளிச்சு வெச்ச ஒரு ஃபோல்டர் இருக்கு, பேரு டாலர் குறி போட்டு ரீசைக்கிள் டாட் பின், அதுக்குள்ள பேர மாத்தி நகத்தி வெச்சிடும். டாலர் ஆர்னு ஆரம்பிச்சு தாறுமாறா ஆறு எழுத்து போட்ட ஒரு ஃபைல், அதான் உங்க சரக்கு. கூடவே டாலர் ஐன்னு ஆரம்பிச்சு அதே ஆறு எழுத்தோட குட்டியா இன்னொரு ஃபைல், அதுல பழைய பேரு இன்னா, எந்த ஃபோல்டர்ல இருந்துச்சு, எவ்ளோ சைஸ், எப்ப அழிச்சீங்கன்ற விவரம் எல்லாம் இருக்கும். ரெஸ்டோர் அடிச்சா இந்த குட்டி ஃபைல பாத்துதான் பழைய இடத்துல கொண்டு போய் வைக்குது. தொட்டின்ற ஐடியா விண்டோஸ் 95ல இருந்தே இருக்கு, இந்த ஃபோல்டர் பேரு விண்டோஸ் விஸ்டால இருந்து வந்தது.

இதுல மூணு விஷயம் மண்டைல ஏத்திக்கணும். டெஸ்க்டாப்ல ஒரே ஒரு தொட்டி தெரியுதே தவிர உள்ள சி டிரைவுக்கு ஒண்ணு, டி டிரைவுக்கு ஒண்ணுன்னு தனித்தனியாதான் இருக்கு, ஐக்கான் எல்லாத்தையும் சேத்து காட்டுது, அவ்ளோதான். ரெண்டாவது, ஒரே சிஸ்டத்துல நீங்க ஒரு லாகின், பையன் ஒரு லாகின்னு வெச்சிருந்தா அவன் தொட்டி வேற உங்க தொட்டி வேற. மூணாவது, ஒவ்வொரு தொட்டிக்கும் இவ்ளோ ஜிபின்னு ஒரு லிமிட் இருக்கு, நீங்க கை வெக்கலன்னாலும் அதுவா ஒண்ணு வெச்சிகினு இருக்கும்.

அந்த தானா வெக்கிற லிமிட் சுமாரா இப்டி: டிரைவ்ல மொத 40 ஜிபிக்கு 10 சதவீதம், அதுக்கு மேல இருக்கிறதுக்கு 5 சதவீதம். ரிச்சி ஸ்ட்ரீட்ல (சென்னைல கம்ப்யூட்டர் சாமான் விக்கிற தெரு) அசெம்பிள் பண்ண சிஸ்டம்னா 500 ஜிபி டிஸ்க்கு போட்டு சி-ய 100 ஜிபியா, மீதி 365ஐ டி-யா பிரிச்சு குடுத்திருப்பாங்க (500ன்னு வாங்கினாலும் விண்டோஸ்ல 465ன்னுதான் காட்டும், கடைக்காரர ஏமாத்திட்டான்னு திட்டாதீங்க, கணக்கு போடற விதம் வேற). அப்ப சி-க்கு 4 பிளஸ் 3, 7 ஜிபி. டி-க்கு 4 பிளஸ் 16, 20 ஜிபி சொச்சம். இதே 1 டிபி டிஸ்க பிரிக்காம ஒரே டிரைவா வெச்சிருந்தா 48 ஜிபி கிட்ட போவும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல எவ்ளோ பெரிய டிஸ்க்கா இருந்தாலும் 4 ஜிபிய தாண்டாது, அதெல்லாம் இப்ப எவனும் வெச்சிருக்க மாட்டான், வெச்சிருந்தா கும்பிட்டு ஓரமா வுட்டுடுங்க.

லிமிட் பாக்கிறதுக்கு: டெஸ்க்டாப்ல தொட்டி மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். மேல டிரைவ் லிஸ்ட் இருக்கும், ஒண்ணொண்ணா கிளிக் பண்ணி பாத்தீங்கன்னா கீழ கஸ்டம் சைஸ்ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அது எம்பில. அதுக்கும் கீழ, தொட்டிக்கு அனுப்பாம உடனே அழிச்சிடுன்னு இன்னொரு வட்டம். கீழ வர்ற தொல்லைங்க பாதிக்கு இந்த ஒரு பெட்டிதான் பதில்.

டெலிட் பண்ணேன், ஆனா இடம் வரல

இது ரொம்ப சாதாரணம். வூட்ல இடம் இல்லன்னு பழைய அண்டாவ பரண் மேல ஏத்துறோம், தரைல இடம் வரும், ஆனா வூடு பெருசாவுமா? டிரைவுக்கு தரை பரண்னு வித்தியாசமே கிடையாது, ரெண்டும் ஒரே கணக்குதான். தொட்டில இருக்கிற வரைக்கும் அந்த 15 ஜிபி 15 ஜிபியாவேதான் இருக்கும். தொட்டிய தொறந்து டீடெய்ல்ஸ் வியூ போட்டு, டேட் டெலிட்டட்ன்ற தலைப்ப கிளிக் பண்ணி வரிசைப்படுத்தி, வேணும்ன்றது ஏதாவது கலந்திருக்கான்னு ஒரு கண்ணு பாத்துட்டு அப்பால காலி பண்ணுங்க. பாக்காம காலி பண்ணிட்டு சாயங்காலம் அழுதுகினு வர்றவங்கள வாரத்துக்கு ஒருத்தராவது பாக்கறேன்.

காலி பண்ணியும் வரலன்னா ரெண்டு விஷயம் பாருங்க. நீங்க அழிச்சது எந்த டிரைவ்ல, இடம் இல்லன்னு கத்துறது எந்த டிரைவ்? டி-ல 30 ஜிபி படம் அழிச்சிட்டு சி இன்னும் செவப்பாவே இருக்குதுன்னு ஒரு அக்கா சண்டைக்கே வந்துட்டாங்க. "ஒரே டப்பாதான தம்பி, இதுல இன்னா சி டி"ன்னு கேட்டாங்க, கேள்வி நியாயம்தான், ஆனா கம்ப்யூட்டர் ஒத்துக்காது. ரெண்டாவது, தொட்டி காலியா தெரியுது ஆனா உள்ள வேற யாரோடதோ கிடக்குது, அது தனி கதை, அடுத்த தலைப்பு.

தொட்டி காலின்னு காட்டுது, ஆனா 30 ஜிபிக்கு கணக்கு இல்ல

இதான் ரொம்ப பேருக்கு தெரியாதது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

டாலர் ரீசைக்கிள் பின் ஃபோல்டர தொறந்து பாக்க முடிஞ்சா உள்ள எஸ் 1 5 21ன்னு ஆரம்பிச்சு நீளமா நம்பர் போட்ட ஃபோல்டருங்க இருக்கும், கடைசில 1001, 1002ன்னு முடியும். ஒவ்வொண்ணும் ஒரு லாகினோட தொட்டி. நீங்க உங்க லாகின்ல இருந்து காலி பண்ணா உங்களோடது மட்டும்தான் போவும். பையன் அவன் லாகின்ல கேம் எல்லாம் அழிச்சிட்டு தொட்டில வுட்டிருந்தா அது அப்டியே இருக்கும், உங்களுக்கு தெரியவும் தெரியாது. லிமிட் கூட ஒவ்வொரு லாகினுக்கும் தனி செட்டிங்தான், அதனால மூணு பேர் யூஸ் பண்ற சிஸ்டத்துல மூணு பேரும் தொட்டிய ரொப்பி வெச்சா மொத்தம் எவ்ளோன்னு நீங்களே கூட்டிக்கோங்க. இதுக்கு வைத்தியம் சிம்பிள், ஒவ்வொரு லாகின்லயும் போய் காலி பண்றது.

ஆனா விண்டோஸ புதுசா போட்ட சிஸ்டத்துல இந்த வைத்தியம் வேலைக்கு ஆவாது. போன வருஷம் மழைல கரன்ட் மேலயும் கீழயும் குதிச்சு ஒரு சிஸ்டத்துல விண்டோஸ் பூட் ஆவாம போச்சு, ராயபுரத்துல இருந்து ஒரு ரிட்டயர்ட் சார் கொண்டாந்தாரு. சி-ய ஃபார்மேட் பண்ணி புதுசா போட்டேன், டி-ல பேத்தி ஃபோட்டோ எல்லாம் இருக்குது தொடாதேன்னாரு, தொடல. ரெண்டு வாரம் கழிச்சு "ஏம்பா, டி டிரைவ்ல எல்லா ஃபோல்டரையும் கூட்டிப் பாத்தா 210 ஜிபி வருது, ஆனா 240 ஆயிடுச்சுன்னு காட்டுதே, அந்த 30 எங்க"ன்னு நோட்ல எழுதி எடுத்துகினு வந்துட்டாரு. பேங்க்ல வேலை பாத்த மனுஷன், வுடுவாரா. பாத்தா, பழைய விண்டோஸ்ல அவரு இருந்த லாகினோட தொட்டி டி-ல அப்டியே இருக்குது, புது விண்டோஸ்ல லாகின் நம்பர் மாறிடுச்சு, அதனால அந்த பழைய தொட்டிக்கு இப்ப சொந்தக்காரனே இல்ல. புது தொட்டி ஐக்கான்ல அது தெரியாது, லிமிட் அதுக்கு வேலை செய்யாது, தானா போகவும் போகாது.

வழி ஒண்ணுதான், அந்த டிரைவோட தொட்டி ஃபோல்டர மொத்தமா தூக்கிடறது. அடுத்தவாட்டி எதையாவது அழிக்கும்போது விண்டோஸ் அதுவே புதுசா ஒண்ணு கட்டிக்கும், பயப்பட வேணாம். ஆனா அந்த டிரைவ்ல எல்லா லாகினோட தொட்டியும் சேந்து போயிடும், அதனால வூட்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டு செய்ங்க.

ஸ்டார்ட்ல சிஎம்டின்னு தேடி, கமாண்ட் ப்ராம்ப்ட் மேல ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க. பவர்ஷெல்ல அடிக்காதீங்க, அதுல டாலர் குறிக்கு வேற அர்த்தம், இந்த கமாண்ட் அங்க ஓடாது. விண்டோஸ் 11ல டெர்மினல தொறந்தா பெரும்பாலும் பவர்ஷெல்தான் வரும், பாத்துக்கோங்க. இப்ப போன்ல சொல்ற மாதிரியே சொல்றேன், ஆங்கிலத்துல அடிச்சிக்கோங்க: ஆர் டி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் க்யூ, ஒரு ஸ்பேஸ், அப்பால டி, கோலன், பேக்ஸ்லாஷ், டாலர், அதோட ஒட்டி ரீசைக்கிள் டாட் பின். என்டர் தட்டறதுக்கு முன்னாடி கைய எடுத்துட்டு ஒருவாட்டி படிங்க. பேக்ஸ்லாஷோட நிறுத்திட்டு என்டர் தட்டிட்டீங்கன்னா டி டிரைவ்ல இருக்கிற மொத்தத்தையும் அழிக்கச் சொன்ன மாதிரி ஆயிடும், க்யூ போட்டிருக்கிறதால ஒரு வார்த்தை கேக்காது. ஃபோட்டோவுக்கு வேற காப்பி இல்லன்னா இத்த நீங்களா செய்யாதீங்க, பக்கத்துல தெரிஞ்ச ஆளு ஒருத்தர வெச்சிகினு செய்ங்க. சாருக்கு செஞ்சேன், 31 ஜிபி வந்துச்சு, ஒரு ஜிபி எக்ஸ்ட்ரா எப்டி வந்துச்சுன்னு அதையும் கேட்டாரு.

ரீசைக்கிள் பின் கரப்ட் ஆயிடுச்சு, காலி பண்ணவான்னு கேட்டா

அதே கமாண்ட்தான், எந்த டிரைவ் பேரு மெசேஜ்ல வருதோ அந்த எழுத்த போட்டு. முடிச்சிட்டு ரீஸ்டார்ட். அடிக்கடி வந்துகினே இருந்தா தொட்டி மேல குத்தம் இல்ல, டிஸ்க்கே கண்ண மூடற ஸ்டேஜ்ல இருக்கலாம், மொதல்ல ஃபோட்டோ எல்லாம் வேற இடத்துக்கு காப்பி பண்ணிட்டு அப்பால ஆராய்ச்சி பண்ணுங்க.

ரொம்பப் பெருசா இருக்கு, நிரந்தரமா அழிச்சிடவான்னு கேக்குது

இந்த மெசேஜ் வந்தா நிக்கணும். நோ அடிங்க. அப்பால யோசிங்க.

அந்த ஒரு ஃபைல், இல்ல ஃபோல்டரா இருந்தா உள்ள இருக்கிற எல்லாம் சேத்து, தொட்டியோட லிமிட்டயே தாண்டுதுன்னு அர்த்தம். தொட்டி காலியா இருந்தாலும் உள்ள போவாது, ஏன்னா தொட்டியே அதவிட சின்னது. எஸ் அடிச்சா ஷிப்ட் டெலிட் அடிச்ச மாதிரி நேரா போயிடும், தொட்டில தேடி பிரயோஜனம் இல்ல.

கொருக்குப்பேட்டைல ஒரு தம்பி, கல்யாணம், காது குத்து, மஞ்சத் தண்ணி ஃபங்ஷன்னு வீடியோ எடுக்கறவன். 4கேல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 20, 25 ஜிபி அசால்ட்டா போவும். அவன் டி டிரைவ் லிமிட் 20 ஜிபி சொச்சம். அவன் ஒரு ஃபங்ஷன் ஃபோல்டர அழிச்சா ஒவ்வொருவாட்டியும் இந்த மெசேஜ் வரும், பழகிப் போயி படிக்காமயே எஸ் அடிக்க ஆரம்பிச்சிட்டான். தொழில் பண்றவனுக்கு வர்ற கெட்ட பழக்கத்துல இதவிட கெட்டது இல்லன்னு நான் சொல்வேன், பான்பராக் கூட அப்பறம்தான். ஒருநாள் எடிட் முடிச்ச ஃபோல்டர்னு நெனச்சு எடிட் பண்ணாத ஃபோல்டர அழிச்சிட்டான், எஸ். பொண்ணு வூட்டுக்காரங்ககிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியாம ராத்திரி பத்து மணிக்கு என் வூட்டுக் கதவ தட்றான். அந்த கதை கடைசில சொல்றேன்.

இங்கதான் நான் எல்லார்கிட்டயும் மல்லுக்கட்றது. லிமிட்ட கொறச்சா இடம் மிச்சம் ஆவும்னு நெனச்சு ஆளாளுக்கு 1 ஜிபி, 2 ஜிபின்னு வெச்சிடறாங்க. தொட்டிய வாரத்துக்கு ஒருவாட்டி காலி பண்றவனுக்கு லிமிட் 50 ஜிபியா இருந்தா இன்னா, 5 ஜிபியா இருந்தா இன்னா, சும்மா இருக்கும்போது அது இடத்த புடிச்சு வெக்கறதில்ல, உள்ள சரக்கு வந்தாதான் இடம் போவும். கை தவறிட்டா எவ்ளோ பெரிய ஃபைல திருப்பி எடுக்கணும், அதுக்குத்தான் அந்த நம்பர். அதனால லிமிட் வெக்கறப்போ டிரைவோட சைஸ பாக்காதீங்க, நீங்க அந்த டிரைவ்ல வெச்சிருக்கிறதுலயே பெரிய ஒத்த ஃபோல்டர் எவ்ளோன்னு பாத்து அதுக்கு மேல வெச்சிக்கோங்க. தம்பிக்கு இப்ப 60 ஜிபி வெச்சு குடுத்திருக்கேன்.

சின்ன ஃபைலுக்கு கூட ரொம்பப் பெருசுன்னு கேக்குது

லிமிட் பெட்டில நம்பர் எம்பில போடணும்னு சொன்னேன்ல, 20 ஜிபி வேணும்னு 20ன்னு போட்டிருப்பீங்க. அது 20 எம்பி ஆயிடுச்சு, இப்ப போன்ல எடுத்த ஒரு நிமிஷ வீடியோ கூட உள்ள போவாது. 1 ஜிபிக்கு 1024, 20 ஜிபின்னா 20480. போட்டுட்டு அப்ளை அடிங்க, மத்த டிரைவையும் கிளிக் பண்ணி பாத்துடுங்க, ஏன்னா ஒரு டிரைவுக்கு போட்டது இன்னொண்ணுக்கு வராது. என் கடை சிஸ்டத்துலயே ஒருவாட்டி இத்த நானே பண்ணி வெச்சு ரெண்டு நாள் புரியாம திரிஞ்சேன், வெளிய சொல்லிக்கல.

கேக்காமயே நேரா போயிடுது, தொட்டில எதுவுமே வர்றதில்ல

அதே பெட்டில உடனே அழிச்சிடுன்ற வட்டம் செலக்ட் ஆயிருக்கும். சிஸ்டம் ஸ்பீடு ஆவும்னு யாராவது செஞ்சு வுட்டிருப்பாங்க, ஒரு ஸ்பீடும் ஆவாது. கஸ்டம் சைஸுக்கு மாத்துங்க. கூடவே கீழ டெலிட் கன்ஃபர்மேஷன் டயலாக்னு ஒரு டிக் இருக்கும், விண்டோஸ் 8ல இருந்து அது தானா ஆஃப்ல வருது, சின்ன பசங்க கை வெக்கிற சிஸ்டம்னா அத்த ஆன் பண்ணிடுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இந்த பெட்டியே மங்கலா மாத்த முடியாம இருந்தா அது ஆபீஸ்ல வெச்ச பாலிசி, அங்க இருக்கிறவங்ககிட்டதான் கேக்கணும்.

பெட்டி சரியா இருந்தும் போவுதுன்னா, எங்க இருந்து அழிக்கறீங்கன்னு பாருங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல டெல்னு அடிச்சு அழிச்சா தொட்டிக்கு வராது. சில சாஃப்ட்வேர் அதுக்குள்ள இருக்கிற டெலிட் பட்டன தட்டினா நேரா தூக்கிடும்.

பென்டிரைவ்ல அழிச்சேன், தொட்டில இல்ல

வராது. பென்டிரைவ், மெமரி கார்டு இதுங்களுக்கு விண்டோஸ் தொட்டி வெக்கறதில்ல. வயர் போட்டு கனெக்ட் பண்ண போன்ல அழிச்சாலும் அப்டித்தான், நெட்வொர்க்ல ஷேர் பண்ண பக்கத்து சிஸ்டத்து ஃபோல்டர்ல அழிச்சாலும் அப்டித்தான். அழிக்கறதுக்கு முன்னாடி நிரந்தரமா போயிடும்னு கேக்கும், அந்த வாசகம் மாறுறத கவனிங்க, தொட்டிக்கு போறப்போ வர்ற கேள்வியும் இதுவும் ஒண்ணு மாதிரியே இருக்கும் ஆனா ஒண்ணு இல்ல.

யுஎஸ்பில மாட்ற பெரிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேற, அதுக்கு தனி தொட்டி உண்டு. அத்த டிவில சொருகினா டாலர் போட்ட ஒரு ஃபோல்டர் தெரியும், உடனே வைரஸ் வந்துடுச்சுன்னு பதறிகினு ஓடி வருவாங்க. வைரஸ் இல்லீங்க, தொட்டிதான். ஆனா இந்த பயம் சும்மா வந்ததும் இல்ல. 2008 கடைசில கெளம்பின கான்ஃபிக்கர்னு ஒரு வைரஸ், பென்டிரைவ்ல ரீசைக்ளர்னு தொட்டி பேர்லயே ஃபோல்டர் கட்டி அதுக்குள்ளதான் ஒளிஞ்சிகினு ஊர் ஊரா போச்சு. அப்ப பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தவங்க எல்லாருக்கும் அந்த பேர கேட்டா இப்பவும் வயித்த கலக்கும். அதனால பென்டிரைவ்ல அந்த மாதிரி ஃபோல்டர் இருந்து உள்ள ஓடற ப்ரோக்ராம் ஏதாவது இருந்தா மட்டும் ஸ்கேன் பண்ணுங்க.

போன மாசம் தொட்டில பாத்தேன், இப்ப இல்ல

யாரும் காலி பண்ணலன்னு சத்தியம் பண்றாங்கன்னா ரெண்டுல ஒண்ணு.

ஒண்ணு, தொட்டி ரொம்பிடுச்சு. லிமிட் ரொம்பினா புதுசா வர்றதுக்கு இடம் குடுக்க ரொம்ப பழசா உள்ள வந்தத சத்தமில்லாம நிரந்தரமா அழிச்சிடும், கேக்காது. 7 ஜிபி தொட்டில நேத்து 6 ஜிபி படம் ஒண்ண போட்டிருந்தீங்கன்னா போன மாசம் போட்ட ரெஸ்யூமே, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாம் அந்த ஒரு படத்துக்காக வெளிய போயிருக்கும். இதனாலதான் தொட்டில எதையும் சேத்து வெக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கறேன். சில பேரு வேணும் ஆனா இப்ப வேணாம்ன்ற ஃபைல எல்லாம் தொட்டில போட்டு வெக்கறாங்க, கேட்டா அங்க பத்திரமா இருக்கும்ன்றாங்க. அம்மா சமையல் மிச்சத்த குப்பை கூடைல வெச்சிட்டு நைட்டு சாப்புடுவோமா?

இன்னொண்ணு, ஸ்டோரேஜ் சென்ஸ். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அப்பால ஸ்டோரேஜ் போய் பாருங்க. அது ஆன்ல இருந்தா தொட்டில இத்தன நாளுக்கு மேல இருக்கிறத தானா அழிச்சிடும், 1, 14, 30, 60 நாள்னு ஆப்ஷன், நீங்க மாத்தலன்னா 30. வேணாம்னா நெவர் போட்டுக்கலாம். நான் 60ல வெச்சிருக்கேன். அங்கயே டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் தனியா ஒண்ணு இருக்கும், அது நெவர்லயே இருக்கட்டும், கை வெச்சிடாதீங்க, ஏன்னா நம்ம ஊர்ல பாதி பேருக்கு டவுன்லோட்ஸ்தான் பீரோ.

ஒன் டிரைவ் (மைக்ரோசாஃப்டோட ஆன்லைன் ஸ்டோரேஜ்) கனெக்ட் ஆயிருந்தா இன்னொரு இடமும் பாக்கணும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் அதுல ஏறிகினு இருந்தா அழிச்ச ஃபைல் ஒன் டிரைவ் வெப்சைட்ல இருக்கிற தொட்டிலயும் இருக்கும், பர்சனல் அக்கவுன்ட்டுக்கு 30 நாள் வரைக்கும். மேகக் குறி போட்டு ஆன்லைன்ல மட்டும் இருந்த ஃபைல அழிச்சிருந்தா அது கம்ப்யூட்டர் தொட்டிக்கே வராது, அங்க மட்டும்தான்.

டிஸ்க் ஃபுல், ரெஸ்டோர் பண்ணா இன்னும் இடம் போவுமா

போவாது. அதே டிரைவ்ல பேர மாத்தி பழைய இடத்துல வெக்கறதுதான், எக்ஸ்ட்ரா இடம் வேணாம். பழைய ஃபோல்டர அழிச்சிருந்தாலும் அதுவே திரும்ப கட்டி உள்ள வெச்சிடும். இப்பத்தான் அழிச்சீங்கன்னா தொட்டிக்கே போவ வேணாம், அந்த ஃபோல்டர்ல நின்னுகினே கன்ட்ரோல் இசட் அடிங்க.

காலி பண்ணிட்டேன், இப்ப வேணும்

கம்ப்யூட்டர்ல வேற எதையும் பண்ணாதீங்க. அந்த டிரைவ்ல எதையும் காப்பி பண்ணாதீங்க, பாட்டு கேக்காதீங்க, முக்கியமா ரெக்கவரி சாஃப்ட்வேர அதே டிரைவ்ல டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணாதீங்க, போனது இருந்த எடத்துலயே அது உக்காந்துக்கும். ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியான்னு (சுத்தற தட்டு இல்லாம சிப்புல சேமிக்கிற டிஸ்க்) பாருங்க. ஹார்ட் டிஸ்க்னா அழிச்சது மேல வேற எழுதற வரைக்கும் உள்ள கிடக்கும், வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டின்னா டிரிம்னு ஒரு வேலை நடக்கும், அழிச்ச இடம் இனி வேணாம்னு விண்டோஸ் சொல்லிட்டதும் அது உள்ள தொடச்சிடும், பெரும்பாலும் கை வுட்டுட வேண்டியதுதான். இத்த ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன், எஸ்எஸ்டில இருந்து கண்டிப்பா எடுத்துத் தரேன்னு எவனாவது அட்வான்ஸ் கேட்டா குடுக்காதீங்க.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல விண்டோஸ் ஃபைல் ரெக்கவரின்னு ஓசில ஒண்ணு இருக்கு, விண்டோஸ் 10ல 2004ன்ற நம்பர் வெர்ஷன் (அது வருஷம் இல்ல), அதுக்கு மேல இருந்தா ஓடும். கமாண்ட் அடிச்சுதான் ஓட்டணும், பட்டன் கிட்டன் எதுவும் இருக்காது. எடுக்கிற டிரைவும் மீட்டத கொட்ற டிரைவும் வேற வேறயா இருக்கணும், ஒண்ணா குடுத்தா ஒத்துக்காது.

கொருக்குப்பேட்டை தம்பியோடது ஹார்ட் டிஸ்க். அவன் பண்ண ஒரே நல்ல காரியம், எஸ் அடிச்ச உடனே சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டான். டிஸ்க கழட்டி என் கடை சிஸ்டத்துல மாட்டி ராத்திரி முழுக்க ஓட வுட்டேன், காலைல நாஷ்டா டைம்ல பாத்தா 14 கிளிப்புல 11 முழுசா வந்துச்சு, ரெண்டு ஓடும் ஆனா நடுவுல கட்டம் கட்டமா ஒடையும், தாலி கட்ற சீன் இருந்தது அந்த நல்ல 11ல. ஒண்ணு வரவே இல்ல, அது பந்தி. பந்தி வீடியோவ யாரு கேக்கப் போறாங்கன்னு நான் சொன்னேன், மாப்ள வூட்ல மொத கேட்டதே அதத்தான்.

மீட்கிறதுக்கு என்கிட்ட வர்றவங்க காலியா இருக்கிற இன்னொரு டிஸ்க் கையோட எடுத்துகினு வாங்க, அழிஞ்சது எவ்ளோவோ அதுக்கு ரெண்டு மடங்காவது இடம் இருக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடை மூடிடுவேன்.